பக்கத்து வீட்டு ஒன்பது புள்ளி

"போன வாரமும் உனக்கு, இந்த வாரமும் உனக்கா? அந்தப் பெட்டிக்கு என் வீட்டு வழி மட்டும் தெரியாதோ?" என்று கேட்டாள் மங்கை.

"சீட்டைப் படி. பதினாலுன்னு போட்டிருக்கு. எண் தெரியலைன்னா உன் மக லீவுக்கு வரும்போது உட்காந்து கத்துக்கோ," என்றாள் ஃபுளோரா.

"என் மகளை இழுக்காத. அவ படிக்கிறா. உன் மக மாதிரி கண்ணாடி முன்னாடி நிக்கல."

"கண்ணாடியில பார்க்கறதுக்கு ஒரு முகம் வேணும் மங்கை."

தெருவில் பாதிப் பேர் சால்ட்ரிங் கம்பியை அப்படியே வைத்துவிட்டு வெளியே வந்தார்கள். நான் ஏற்கெனவே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். சண்டை நடப்பது என் வாசலில். ஃபுளோரா பதினாலாம் எண், மங்கையர்க்கரசி பதினாறு, நடுவில் பதினைந்தில் சொர்ணமாகிய நான். இடம் கொடுத்தவள் எழுந்து உள்ளே போனால் மரியாதையாக இருக்காது.

பெட்டி என்று அவர்கள் சொன்னது, குறைமாதக் குழந்தைகளைச் சூட்டில் வைக்கும் இன்குபேட்டர். மருந்துப்பட்டியிலிருந்து பழுதாகி வந்திருந்தது. ஒரு மிக்ஸியைச் சரிசெய்தால் ஒரு புள்ளி, மின்விசிறிக்கு இரண்டு, இன்குபேட்டருக்கு நாற்பது. மங்கை வாசலில் நின்று கத்தியதில் தப்பே சொல்ல முடியாது. அந்தப் பெட்டி ஃபுளோராவுக்குத்தான் என்பதை, வண்டியிலிருந்து இறக்குவதற்கு முன்பே மங்கையிடம் போய்ச் சொன்னது யார் என்று மட்டும் கேட்காதீர்கள்.

எங்கள் ஊருக்குச் சீரூர் என்று பெயர். எல்லா ஊரிலும் எல்லாம் இருந்த காலம் ஒன்று உண்டு. ஒரே தெருவில் பள்ளிக்கூடம், பரோட்டாக் கடை, பிரசவ ஆஸ்பத்திரி, பஞ்சர் ஒட்டுகிறவர் என்று கலந்து கிடக்கும். திட்டக்குழுவில் இருந்த ஒருவர் சின்ன வயதில் கணினியில் ஓர் ஆட்டம் ஆடித் தோற்றதே இல்லையாம். ஆளுக்கு ஒரு முறை காய் நகர்த்தி, ஊர் ஊராகக் கட்டி, எதிராளியை ஜெயிக்கிற ஆட்டம். அதில் அவர் கற்றது ஒன்றே ஒன்று. எல்லா ஊரும் எல்லாம் செய்தால் தோற்போம், ஒரு ஊர் ஒரு வேலை செய்தால் ஜெயிப்போம். அதைக் கொண்டுபோய் ஒரு யந்திரத்துக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். யாரை ஜெயிக்கப் போகிறோம் என்று அப்போது ஒருத்தரும் கேட்கவில்லை.

அதன்பிறகு அன்னவயல் சமைத்தது, மருந்துப்பட்டி வைத்தியம் பார்த்தது, மாலையூரில் கல்யாணம் நடந்தது, பாடநல்லூரில் பிள்ளைகள் படித்தார்கள். உடைந்தது, எரிந்தது, ஓடாமல் நின்றது எல்லாம் காலையில் பழுது ரயிலில் எங்களிடம் வரும். அதே ரயிலில் இட்லியும் வரும். பயணக் களைப்போடு இருக்கும். சீரூரில் வீட்டில் சமைப்பது குற்றம் ஒன்றும் இல்லை, புள்ளி இல்லாத வேலை, அவ்வளவுதான்.

மூன்று மாதம் ஒரு சுற்று. சுற்று முடிந்ததும் தெருவில் முதலிடம் வந்த வீட்டுக்கு ஓர் இடமாற்றம். கேட்ட ஊருக்குப் போகலாம். கடைசியாக வந்த வீட்டுக்கும் ஓர் இடமாற்றம் உண்டு. அதற்குக் கழிவு மாற்று என்று பெயர். எந்த ஊரில் கூட்டிப் பெருக்க, துணி துவைக்க ஆள் இல்லையோ அங்கே அனுப்பிவிடுவார்கள். கழிவில் போகிறவர்களை வழியனுப்பக்கூட யாரும் வாசலுக்கு வர மாட்டோம். பார்த்தாலே ஒட்டிக்கொள்ளும் என்பது போல.

மங்கைக்கும் ஃபுளோராவுக்கும் அந்த முதலிடம் எதற்கு வேண்டியிருந்தது என்பது தெருவுக்கே தெரியும். பத்து வயதானால் பிள்ளைகள் பாடநல்லூர் போய்விட வேண்டும். சுற்றுக்கு நான்கு நாள்தான் லீவு. பதினாறு வயதில் கடைசிப் பரீட்சை வைத்து, மார்க்குக்குத் தகுந்த ஊருக்கு நிரந்தரமாக அனுப்பிவிடுவார்கள். மங்கையின் மகள் இளவேனிலுக்கும் ஃபுளோராவின் மகள் ரெபேக்காவுக்கும் பதினைந்து நடந்துகொண்டிருந்தது. இந்தச் சுற்று போக மூன்று சுற்று மிச்சம். அதற்குள் பாடநல்லூருக்கு மாற்றல் வாங்கினால், மகளோடு ஒரே ஊரில் கொஞ்ச நாளாவது இருக்கலாம். இல்லாவிட்டால் நான்கு நாள், நான்கு நாள், நான்கு நாள். கணக்கு முடிந்தது.

ஃபுளோராவின் கணவர் இறந்து வருஷம் ஆறு. மங்கையின் கணவர் இரும்பூரில், சுற்றுக்கு ஒரு முறை வந்து தூங்கிவிட்டுப் போகிறவர். ஆக, இரண்டு பேருக்கும் பேச்சுத் துணை நான்தான். பழுதுப் பொருளைத் தள்ளுவண்டியில் ஏற்றி வீட்டுக்கு வீடு கொடுப்பது என் வேலை. கையோடு மற்றதையும் கொடுத்துவிடுவேன். "ஃபுளோரா இன்னிக்குப் பதினோரு மிக்ஸி முடிச்சுட்டா," என்று பதினாறில் சொன்னால், மங்கை மத்தியானச் சாப்பாட்டைக் கையில் வைத்துக்கொண்டே மோட்டாருக்குக் காயில் கட்டுவாள். "மங்கை ராத்திரி சாப்பிடவே இல்லையாம்," என்று பதினாலில் சொன்னால், ஃபுளோரா ஞாயிற்றுக்கிழமை ஜெபத்தைச் சுருக்கிக்கொண்டு வேலையில் உட்கார்ந்துவிடுவாள். இவ்வளவு செய்தும் இரண்டு வருஷமாக இரண்டு பேரும் இரண்டாவது, மூன்றாவது இடம்தான். ஒவ்வொரு தடவையும் நாலு புள்ளி, மூணு புள்ளியில் கை நழுவிப் போகும்.

எனக்குப் பிள்ளை இல்லை. லீவு நாட்களில் இடதுபக்கச் சுவரிலிருந்து ஒரு சிரிப்பும் வலதுபக்கச் சுவரிலிருந்து ஒரு சிரிப்பும் வரும். நடுவில் படுத்துக்கொண்டு இரண்டையும் கேட்பேன். அந்த நான்கு நாளில் என்னை யாரும் தேட மாட்டார்கள். ஐந்தாம் நாள் பிள்ளைகள் ரயில் ஏறியதும்தான் "சொர்ணக்கா" என்று குரல் வரும். ரயில் கிளம்புவதை நான் எதிர்பார்த்துக்கொண்டிருப்பேன் என்று சொன்னால் என்னைப் பற்றி என்ன நினைப்பீர்களோ, நினைத்துக்கொள்ளுங்கள்.

இன்குபேட்டர் சண்டை முடிந்த மறுவாரம் இளம்பரிதி வந்தான். திட்டக்குழுவிலிருந்து தெருக்களைச் சரிபார்க்க வருகிற பிள்ளை. இருபத்தெட்டு வயதிருக்கும், சொந்தக்காரர்கள் எல்லாம் உப்பூரில். அன்னவயல் இட்லியைத் தின்று நாக்குச் செத்துப்போயிருந்தான். என்னிடம் ஒரு பழைய மின்சார அடுப்பு உண்டு. சீரூரில் அடுப்பு கிடைப்பதா கஷ்டம், பழுதானது வரும், ஒன்று திரும்பிப் போகாது. இரண்டு தோசை வார்த்துக் கொடுத்தேன். மூன்றாவது கேட்டான். கை கழுவப் போனவன் பலகைக் கணினியை நாற்காலியிலேயே வைத்துவிட்டுப் போனான்.

நான் தொடவில்லை. குனிந்தேன், அவ்வளவுதான்.

எங்கள் தெரு படம் போட்டிருந்தது. ஒவ்வொரு வீட்டின் மேலும் ஒரு திருப்புளிச் சின்னம், பக்கத்தில் எண். பதினைந்தாம் எண் வீட்டின் மேல் மட்டும் திருப்புளி இல்லை. ஒரு மணி இருந்தது, கோயில் மணி மாதிரி. அதிலிருந்து இரண்டு பக்கமும் ஒவ்வோர் அம்பு. பதினாலுக்குப் போகிற அம்பில் கூட்டல் ஒன்பது. பதினாறுக்குப் போகிறதிலும் கூட்டல் ஒன்பது.

"என்ன தம்பி, என் தலைமேல மணி கட்டியிருக்கீங்க?"

அவன் வந்து பிடுங்கிக்கொள்வான் என்று நினைத்தேன். துண்டில் கையைத் துடைத்துக்கொண்டே உட்கார்ந்தான். "அதெல்லாம் பார்க்கக் கூடாதுக்கா."

"பார்த்தாச்சு. சொல்லுங்க. இன்னொரு தோசை ஊத்தட்டா?"

தோசை ஊற்றினேன். சொன்னான்.

"ஆட்டத்துல சில கட்டடம் இருக்கும். அது தானா ஒண்ணும் விளைவிக்காது. ஆனா பக்கத்துல இருக்கறதோட விளைச்சலைக் கூட்டும். ஆத்தோரமா ஆலை வச்சா கூடும், மலையடியில பள்ளிக்கூடம் வச்சா கூடும், அந்த மாதிரி. யந்திரம் ஆரம்பத்துல மனுஷங்களுக்கு வேலையை வச்சுத்தான் வீடு பிரிச்சது. அப்புறம் கவனிச்சுது. சில வீட்டுக்குப் பக்கத்துல சில வீடு இருந்தா வேகம் கூடுது. ஏன்னு அதுக்குத் தெரியாது. கூடுதுன்னு மட்டும் தெரியும்."

"ஏன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"உங்களைப் பார்த்ததும் தெரிஞ்சுதுக்கா." சிரித்தான். "ஒருத்தியோட புள்ளி இன்னொருத்திக்கு உடனே தெரிஞ்சா, அவ தூங்க மாட்டா. உங்களால வாரத்துக்கு அந்தப் பக்கம் ஒன்பது, இந்தப் பக்கம் ஒன்பது. உங்களுக்கும் புள்ளி உண்டு, வெளியிலதான் காட்டறதில்ல. அவங்க கூடறதுதான் உங்க புள்ளி."

நாலு ஊர் மாற்றிய பிறகு, ஐந்தாவதாக இந்த வீட்டை எனக்குக் கொடுத்தபோது, தள்ளுவண்டிக்காரிக்கு எதற்கு இவ்வளவு காற்றோட்டமான வீடு என்று யோசித்திருக்கிறேன். இப்போது புரிந்தது. பெருமையாகத்தான் இருந்தது முதலில்.

"அப்போ இந்தச் சுற்று யார் முதல்ல வருவா?"

அவன் தோசையைப் பிய்த்தபடி தலையாட்டினான். "ரெண்டு பேருமே வர மாட்டாங்க."

"ஏன் தம்பி?"

"ஒருத்தி முதல்ல வந்தா பாடநல்லூர் போயிடுவா. போயிட்டா மத்தவ படுத்துடுவா. நல்ல இடத்துல இருக்கற கட்டடத்தை யாராவது இடிப்பாங்களா? பெரிய பெட்டியை ஒரு தரம் இவளுக்கு, ஒரு தரம் அவளுக்குன்னு அனுப்பி, முதலிடத்துக்கு நாலு புள்ளி கீழேயே ரெண்டு பேரையும் நிறுத்தி வைக்கும். கெட்ட எண்ணமெல்லாம் இல்லக்கா. கணக்கு."

தோசைக் கல் புகைந்தது. அடுப்பை அணைத்தேன்.

"அப்போ பிள்ளைங்ககிட்டப் போக வழியே இல்லையா?"

"கழிவுல போனா உண்டு," என்றான் விளையாட்டாக. "இந்தச் சுற்று கழிவு எல்லாம் பாடநல்லூர் விடுதிக்குத்தான். அங்க துணி துவைக்க ஆள் இல்ல. ஆனா தெருவுக்கு ஒரு வீடுதான். அதுவும் இந்த ரெண்டு பேரும் கடைசியில வரதாவது."

நான் நல்லவள் என்பதற்காக இதைப் போய்ச் சொன்னேன் என்று எழுதிக்கொள்ள ஆசைதான். என் வயிற்றில் ஒன்றும் தங்காது. மறுநாள் காலை ஃபுளோராவிடம் சொன்னேன், யாரிடமும் சொல்லாதே என்று சத்தியம் வாங்கிக்கொண்டு. மத்தியானம் மங்கையிடம் சொன்னேன், அதே சத்தியத்தை வாங்கிக்கொண்டு.

ஃபுளோரா கையிலிருந்த கம்பியை விளக்கை அணைப்பது போல ஊதினாள். "துணி துவைக்கவாக்கா?" என்றாள்.

"ஆமா. நானூறு பிள்ளைங்க துணி."

"அதுல ரெபேக்கா துணியும் வரும்ல?"

மங்கை கேட்ட கேள்வி வேறு. "ஃபுளோராவுக்குத் தெரியுமா?"

"ஐயோ, நான் ஏன் சொல்றேன்," என்றேன்.

அன்றிலிருந்து எங்கள் தெரு பார்க்காத ஒன்றைப் பார்த்தது. சீரூரிலேயே கைதேர்ந்த இரண்டு பெண்கள், யார் அதிகமாகத் தோற்பது என்று போட்டி போட ஆரம்பித்தார்கள். ஃபுளோரா மின்விசிறியைத் தலைகீழாகச் சுற்றும்படி மாட்டி அனுப்பினாள். மங்கை அதைக் கேள்விப்பட்டு, சுற்றவே சுற்றாதபடி அனுப்பினாள். ஒருத்தி வாரத்துக்கு மூன்று புள்ளி எடுத்தால் மற்றவள் இரண்டு. முன்பு நான் "அவள் பதினொன்று முடித்தாள்" என்று சொல்வேன். இப்போது "அவள் ஒன்றுகூட முடிக்கவில்லை" என்று சொன்னேன். பொறாமை அதே சூட்டில்தான் இருந்தது, திசைதான் மாறியிருந்தது.

"உன் கை பட்டதெல்லாம் ஓடுதாமே," என்று மங்கை வாசலில் நின்று ஏசினாள். "பெரிய கைராசிக்காரி."

"உன் அளவுக்கு வருமா? நேத்து நீ தொட்ட ரேடியோ பாட்டே பாடிச்சாமே," என்றாள் ஃபுளோரா.

பாட்டுப் பாடியது என்று சொன்னதற்கு மங்கை அழுதாள். நிஜமாகவே அழுதாள்.

பிறகுதான் அந்த வேலை ஆரம்பித்தது. வேறு எந்த ஊர்க்காரியும் செய்திருக்க மாட்டாள். பகல் பன்னிரண்டு மணிக்கு அன்னவயல் சாப்பாடு வாங்க எல்லோரும் ரயிலடிக்குப் போவோம். ஃபுளோரா வரிசையில் நின்றபோது மங்கை வரவில்லை. நான் வயிற்றுவலி என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்தேன். பதினாலாம் எண் வீட்டுப் பின்கதவு திறந்திருந்தது. உள்ளே ஃபுளோராவின் மேஜைக்கு முன்னால் மங்கை குந்தியிருந்தாள். ஃபுளோரா வேண்டுமென்றே கெடுத்து வைத்திருந்த மிக்ஸிகளை ஒன்றன்பின் ஒன்றாகச் சரிசெய்துகொண்டிருந்தாள். உதட்டைக் கடித்துக்கொண்டு, திருடி மாதிரி, ஆனால் எவ்வளவு சுத்தமான வேலை.

"என்ன பண்றே?"

"இவ கடைசியில வந்துரக் கூடாதுல்ல," என்றாள் திரும்பிப் பார்க்காமல். "புள்ளி ஏறட்டும். ஏறித் தொலையட்டும்."

மறுநாள் மங்கை வரிசையில் நின்றாள். ஃபுளோரா வரவில்லை. பதினாறாம் எண் வீட்டில் என்ன நடந்தது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. மங்கை சுற்றாமல் விட்ட மின்விசிறி சுற்றியது. ரேடியோ இரண்டு பாட்டுப் பாடியது.

இதை நான் இருவரிடமும் சொல்லவில்லை. அது ஒன்றுதான் நான் கட்டிக்காத்த ரகசியம். சொன்னால் நின்றுவிடுமே என்ற பயம்தான். இரண்டு மாதம் இப்படியே போனது. தன் வீட்டுப் பொருளை ஒவ்வொருத்தியும் கெடுத்தாள், அடுத்த வீட்டுப் பொருளைத் திருட்டுத்தனமாகச் சரிசெய்தாள். இருவர் கணக்கிலும் புள்ளி ஏறுவது ஏன் என்று இருவருக்கும் புரியவில்லை. முன்பைப் போல இல்லை, ஆனால் கடைசி இடமும் இல்லை.

சுற்று முடிந்த அன்று இளம்பரிதி தெருமுனையில் நின்று வாசித்தான். முதலிடம் யாருக்கோ போனது. கழிவு மாற்று என்று வந்ததும் ஃபுளோரா சிலுவை போட்டுக்கொண்டாள். மங்கை முந்தானையைக் கையில் சுருட்டிக்கொண்டாள்.

"பதினைந்தாம் எண்," என்றான்.

தெரு என்னைப் பார்த்தது.

"என் வீட்டுல என்ன தம்பி பழுது?"

அவன் என் கண்ணைப் பார்க்கவில்லை. "ரெண்டு பக்கமும் கூட்டல் ஒன்பது இருந்துச்சு. இப்போ கழித்தல் முப்பத்தொண்ணு ஆயிடுச்சுக்கா. நீங்க இங்க இருந்தா நஷ்டம்."

அன்றைக்கு அவர்கள் இருவரும் என்னைப் பார்த்த பார்வையை எழுத எனக்குத் தெரியாது. பிள்ளை பெறாதவள் போகிறாள், பெற்றவர்கள் நிற்கிறார்கள். வாழ்க்கையில் முதல் தடவையாக என்னைப் பார்த்துப் பொறாமைப்பட இரண்டு பேர் இருந்தார்கள். கொஞ்சம் இனிப்பாகத்தான் இருந்தது, மறைக்கவில்லை. வழியனுப்ப யாரும் வாசலுக்கு வரவில்லை. ஃபுளோரா மட்டும் ஜன்னல் கம்பி வழியாக ஒரு பொட்டலம் நீட்டினாள். "ரெபேக்காகிட்டக் கொடுங்க. அவளுக்கு ஈரத்துணி ஆகாது, நல்லாக் காயவச்சுக் கொடுங்கக்கா." மங்கை கதவே திறக்கவில்லை.

பாடநல்லூர் விடுதியில் எனக்குக் கொடுத்த அறையைப் பார்த்ததும் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்துகொண்டேன். இடப்பக்க அறைக் கதவில் ரெபேக்கா என்று எழுதியிருந்தது. வலப்பக்கக் கதவில் இளவேனில். அந்த வருஷம் பள்ளியில் முதல் இரண்டு இடமும் அவர்களுடையதுதான். நாலு மார்க், மூணு மார்க் வித்தியாசம்.

கழிவு என்று ஊர் நினைத்துக்கொண்டது. மணியைக் கழற்றி வேறு இடத்தில் மாட்டியிருக்கிறார்கள் என்பது எனக்கு மட்டும் தெரியும்.

முதல் வாரமே இளவேனில் வந்தாள், அழுக்குத் துணியோடு. "பெரியம்மா, ரெபேக்காவுக்குக் கணக்குல எவ்வளவுன்னு உங்களுக்குத் தெரியுமா?" தெரியும். பேப்பர் கட்டு போகிற வழியில் பார்த்திருந்தேன். நாக்கு நுனியில் வந்து நின்றது. "துணி துவைக்கிறவளுக்கு என்னடி தெரியும்," என்றேன். அன்று முழுவதும் வாயில் வெந்நீர் ஊற்றிய மாதிரி இருந்தது. பிறகு பழகிவிட்டது. எட்டு மாதம் வாயைத் திறக்கவில்லை. என்னை அறிந்தவர்கள் நம்ப மாட்டார்கள்.

வாரம் ஒரு பார்சல் வரும். ஃபுளோரா அனுப்புவதில் "சொர்ணக்காவுக்கு" என்று தனியாக ஒரு காகிதத்தில் நாலு முறுக்கு இருக்கும். என் அடுப்பை அவளிடம்தான் விட்டுவந்தேன். மங்கை அனுப்புவதில் எனக்கு ஒன்றும் இருக்காது. ஒருநாள் இளவேனிலின் பாவாடைப் பையில் நனைந்துபோகும் நிலையில் ஒரு கடிதம். காயவைத்தேன். காய்ந்ததைப் படிக்காமல் எப்படி மடிப்பது? "அந்தக் கழிவு பக்கத்துலயா இருக்கா? உன் துணியை அவகிட்டப் போடாத. நான் பாக்க முடியாத உன்னை அவ தினம் பாக்கறதை நினைச்சா எனக்குச் சோறு இறங்கல," என்று எழுதியிருந்தாள்.

முதல் வரியோடு நிறுத்தியிருந்தால் கோபம் வந்திருக்கும். கடைசி வரியையும் படித்தேன், அப்படியும் கோபம்தான் வந்தது.

கடைசிப் பரீட்சைக்கு இரண்டு வாரம் இருந்தது. முதல் மார்க் எடுக்கிறவர்களைத் திட்டக்குழு இருக்கும் திட்டநகருக்கு அனுப்புவார்கள் என்று எனக்குத் தெரியும். அங்கே போனவர்களுக்குச் சுற்று லீவு கிடையாது. மங்கை மகளைப் பார்க்கவே முடியாது. நடுவாந்தரமாக எடுக்கிறவர்கள் தாயின் தொழிலுக்கு, தாயின் ஊருக்குப் போவார்கள். அன்று இளவேனில் துணி வாங்க வந்தபோது, அவள் கேட்காமலேயே சொன்னேன். "ரெபேக்கா உன்னைவிடப் பதினோரு மார்க் கூட போலிருக்கே."

பொய். இரண்டு மார்க் குறைவு அவள்.

இளவேனில் துணியை மார்போடு அணைத்துக்கொண்டாள். "அப்படியா பெரியம்மா," என்றாள். அன்றிலிருந்து வலப்பக்க அறை விளக்கு அணையவில்லை. இடப்பக்கத்தில் ரெபேக்காவிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. அவள் நேரத்துக்குத் தூங்கினாள்.

இளவேனில் முதலாவதாக வந்து திட்டநகர் போனாள். ரெபேக்கா எழுபத்திரண்டாவதாக வந்து சீரூருக்குத் திரும்பினாள், பதினாலாம் எண் வீட்டுக்கே. மங்கையின் வயிற்றில் அடித்துவிட்டேன், ஃபுளோராவுக்குப் பிள்ளையைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டேன். வந்த செய்தி வேறு. மங்கை தெருத்தெருவாக, "என் மக ஊரையெல்லாம் பிரிக்கிற இடத்துல உட்காந்திருக்கா," என்று சொல்லிக்கொண்டு திரிந்தாளாம். ஃபுளோரா மகளைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு, "நீ மட்டும் ஏன்டி மிக்ஸி துடைக்கிறே," என்று கண்ணைக் கசக்கினாளாம். மகள் இருக்கிறவளைப் பார்த்து மகள் பெரிய ஆளானவளுக்குப் பொறாமை, அவளைப் பார்த்து இவளுக்கு. யாருக்கு நல்லது செய்தேன் என்று எனக்கே கணக்குப் போட வரவில்லை.

இதெல்லாம் நடந்து ஐந்து வருஷம் ஆகிறது. இளம்பரிதியை உப்பூருக்கே மாற்றிவிட்டார்கள். என்னிடம் வாயை விட்டதற்கா என்று தெரியாது. அங்கே உப்புப் பாத்திக்காரர் மகளைக் கட்டிக்கொண்டு சந்தோஷமாக இருக்கிறானாம். ரெபேக்காவுக்குப் போன தை மாதம் மாலையூரில் கல்யாணம். மாப்பிள்ளை அந்தோணிசாமி, மருந்துப்பட்டியிலிருந்து பழுது ரயிலில் இன்குபேட்டர் ஏற்றிவருகிறவர். அரைமணி நேரத்தில் மண்டபத்தைக் காலிசெய்யச் சொல்லிவிட்டார்களாம். பதினாறாம் எண்ணிலிருந்து யாரும் போகவில்லை.

போன வாரம் எனக்கு ஆணை வந்தது. சீரூர், இரண்டாம் தெரு, பதினைந்தாம் எண். கீழே கையெழுத்து இளவேனில். அவள்தான் இப்போது எங்கள் பக்கத்து ஊர்களில் ஆட்களை நகர்த்துகிறவளாம். யந்திரம் பரிந்துரைக்கிற இடத்தில் "விளைச்சல் மதிப்பு: பூஜ்யம்" என்று அச்சாகியிருந்தது. அதை ஒரு கோடு போட்டு அடித்துவிட்டு, ஓரத்தில் பேனாவால் எழுதியிருந்தாள்.

"பெரியம்மா, அந்தப் பதினோரு மார்க் பொய்னு அன்னிக்கே ரெபேக்கா பேப்பரைக் காட்டிட்டா. எங்களுக்குள்ள ஒளிவு கிடையாது. தான் வீட்டுக்குப் போகணும்னு அவ சொன்னா, நான் இங்க வரணும்னு சொன்னேன். பேசி வச்சுத்தான் எழுதினோம். நீங்க சொன்னதாலயும் இல்ல, சொல்லாததாலயும் இல்ல. இப்போ அம்மாவும் ஃபுளோரா அத்தையும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்கறதில்லையாம், ஒரு வார்த்தை இல்லையாம், ரெபேக்கா எழுதினா. ரெண்டு பேருக்கும் வயசாகுது. நீங்க போங்க. சண்டையாவது போடட்டும்."

நாலு தடவை படித்தேன். ஐந்தாவது தடவை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமை ரயில் ஏறினேன். ஆள் ரயிலில் இடம் இல்லை என்று பழுது ரயிலில் ஏற்றிவிட்டார்கள். நின்றுபோன மின்விசிறிகளுக்கும் வாய் பிளந்த மிக்ஸிகளுக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கிறேன். எல்லாவற்றிலும் வீட்டு எண் போட்ட சீட்டு ஒட்டியிருக்கிறது. யாரோ பழக்கத்தில் என் பெட்டியிலும் ஒன்று ஒட்டியிருக்கிறார்கள். பதினைந்து.

இறங்கியதும் முதலில் பதினாறுக்கு, மங்கையிடம்தான் போவேன். ஃபுளோரா வீட்டில் தொட்டில் வாங்கியிருக்கிறார்கள் என்று வழியிலேயே தெரிந்துகொண்டேன்.